முத்திரை இல்லாத நிழற்குடை

காலையில் அனுப்பிய வரைபடம் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது.

தீப்பெட்டி கையில் கவளத்தோடு கைப்பேசியைப் பார்த்தாள். 'வருந்துகிறோம்' என்று ஆரம்பிக்கிற செய்தி நல்ல செய்தியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. மேலே படித்தாள்.

'தங்கள் வரைபடம் வணிக உரிமம் பெற்ற மென்பொருளில் வரையப்பட்டுள்ளது. இந்தப் போட்டி மாணவர் உரிமத்தில் வரைபவர்களுக்கு மட்டுமே. விரும்பினால் இன்று மாலை ஐந்து மணிக்குள் திருத்தி அனுப்பலாம்.'

கவளம் தட்டுக்குத் திரும்பியது. கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல், மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

தீப்பெட்டி என்பது மாமா வைத்த பெயர். ஆள் சின்னது; உரசினால் பற்றிக்கொள்ளும். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இதுவரை அவள் வரைந்த வீடுகளும் பள்ளிக்கூடங்களும் மதிப்பெண் வாங்கிக்கொண்டு ஆசிரியரின் அலமாரிக்குள் போய்ப் படுத்துவிட்டன. இது அப்படியில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பழைய பேருந்து நிழற்குடையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதற்குத்தான் மாணவர்களுக்குப் போட்டி. ஜெயிக்கிற படத்தை நிஜமாகவே கட்டுவார்கள். நிஜ சிமெண்ட், நிஜ இரும்பு, அதன் கீழே உட்கார நிஜ மனிதர்கள்.



மாமாவின் கடை அடுத்த தெருவில், போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் இருந்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். இரண்டு கணினி, தாள் சிக்கிக்கொள்ளும் ஒரு பெரிய பிரிண்டர், சுவரோரம் சுருட்டி வைத்த வரைபடங்கள். பிரிண்டரையும் வாடிக்கையாளர்களையும் மாமாவையும் சமாளிப்பது அத்தையின் பொறுப்பு.

தடதடவென்று மாடி ஏறி வந்தவளைப் பார்த்து மாமா மலர்ந்தார்.

"வாம்மா சாம்பியன். எப்ப கட்ட ஆரம்பிக்கறாங்களாம்?"

"மாமா, என் படத்தை என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேனா? ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து கோடு கோடா வரைஞ்சு குடுத்திருக்கேன். உங்க அத்தை சினிமாவுக்குக் கூப்பிட்டா. முடியாதுன்னுட்டேன்."

"அந்தப் படம் தியேட்டரை விட்டே போயிடுச்சு" என்றாள் அத்தை, பிரிண்டருக்குப் பின்னாலிருந்து.

விஷயம் இதுதான். இவர்கள் எல்லாரும் படம் வரையும் மென்பொருளின் விலையைக் கேட்டால் பெரிய அலுவலகங்களே ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் யோசிக்கும். ஆனால் மாணவர்களுக்கு அந்தக் கம்பெனி அதை இலவசமாகவே கொடுக்கிறது. வருஷா வருஷம் 'நான் இன்னும் மாணவிதான்' என்று நிரூபித்தால் போதும். பதிலுக்கு ஒரு சின்னத் தண்டனை உண்டு. வரைகிற ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும்: 'மாணவர் பதிப்பு. வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல.' அழித்தால் அழியாது. போட்டோ எடுக்கப்போகிற நாளில் முகத்தில் வந்த பரு மாதிரி, மாணவர்கள் அதை வெறுத்தார்கள்.

போன வாரம் அந்த முத்திரையைப் பார்த்த மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "இதோட அனுப்பினா பாப்பா வரைஞ்ச படம்னு ஓரமா வச்சிடுவாங்க. என்கிட்ட முழு லைசென்ஸ் இருக்கு, குடு" என்று பென்டிரைவை வாங்கிக்கொண்டார். அவள் படத்தை அடியில் வைத்து, அதன் மேல் தன் மென்பொருளில் ஒவ்வொரு கோடாக மறுபடி வரைந்தார். முத்திரை போயே போய்விட்டது. இன்று காலை அவர் அனுப்பிய கோப்பின் முதல் தாளைக் கைப்பேசியில் பார்த்து, பளிச்சென்று இருக்கிறதே என்று பூரித்துப்போய் அப்படியே போட்டிக்கு அனுப்பிவிட்டாள் தீப்பெட்டி.

இப்போது வந்த பதிலை அவள் வாசித்துக் காட்டினாள். மாமா வாயைத் திறந்தபடி கேட்டார்.

"முத்திரை இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்களா? சட்டையில கறையைக் காணோம்னு யாராவது துணிக்கடைக்குத் திருப்பி அனுப்புவாங்களா?"

"மாணவர் போட்டி மாமா. வேற யாரும் வரைஞ்சு குடுத்துடக் கூடாதுன்னு அந்த முத்திரையைத்தான் பாக்கறாங்க."

"நீங்கதான் வரைஞ்சு குடுத்தீங்க" என்றாள் அத்தை.

"நான் சும்மா மேல வரைஞ்சேன். யோசனை எல்லாம் இவளுது."

மாமா தன் திரையில் படத்தைத் திறந்தார். முதல் தாள், தலைப்பு. அழகு. இரண்டாவது தாள், மேலிருந்து பார்க்கிற தோற்றம். தீப்பெட்டி திரைக்கு மிக அருகில் போனாள்.

"மாமா, பெஞ்சு நேரா இருக்கு."

"ஆமா. நீ கோணலா போட்டிருந்தே. மவுஸ் நழுவியிருக்கும்னு நான்தான் நேராக்கினேன்."

மாமாவின் கணினியில் ஒரு விசை எப்போதும் அழுத்தியே இருக்கும். அதை அழுத்திவிட்டால் கோடுகள் நிற்கும் அல்லது படுக்கும், சாயவே சாயாது. தொழிலில் நுழைந்த நாளிலிருந்து அவர் சாய்வாக ஒரு கோடு போட்டதில்லை என்பது அவருடைய பெருமை.

"பக்கச் சுவர்?"

"அது பாதியிலயே நின்னுச்சு. சிமெண்ட் தீர்ந்துபோன வீடு மாதிரி. கூரை வரைக்கும் ஏத்தி விட்டேன்."

தீப்பெட்டி பற்றிக்கொள்ளவில்லை. அதுதான் மாமாவைப் பயமுறுத்தியது.

"மவுஸ் நழுவல மாமா" என்றாள் மெதுவாக. "அந்தப் பெஞ்சும் அந்தச் சுவரும்தான் என் படமே. நல்லவேளை, திருப்பி அனுப்பினாங்க."

நல்லவேளைதான். ஆனால் நேரம்தான் இல்லை. அவளுடைய கடைசிப் பிரதி பென்டிரைவில் இருந்தது. மாமா அதன் மேலேயே தன் படத்தைச் சேமித்துவிட்டார். மடிக்கணினியில் இருப்பது அதற்கு முந்தைய பிரதி. அதில் கோணல் பெஞ்சு உண்டு, குட்டைச் சுவர் உண்டு, நிழற்குடையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் மட்டும் கிடையாது. அதை ஐந்து மணிக்குள் புதிதாக வரைய வேண்டும்.

"வரைஞ்சுடலாம்" என்று மடிக்கணினியைத் திறந்தாள். மென்பொருள் திறக்கவில்லை. நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது.

'உங்கள் மாணவர் உரிமம் முடிந்துவிட்டது. நீங்கள் இன்னும் மாணவரா?'

"இல்ல, பாட்டி ஆயிட்டேன்" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தபடி, 'ஆம்' என்பதை அழுத்தினாள். கல்லூரி மின்னஞ்சல் வழியாக உள்ளே வரச் சொன்னது.

கல்லூரி மின்னஞ்சல் என்று ஒன்று இருப்பதே மாணவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஞாபகம் வரும். கடவுச்சொல் ஞாபகம் வராது.

"உன் பிறந்த தேதியைப் போட்டுப் பாரு" என்றார் மாமா.

"போட்டாச்சு."

"என் பிறந்த தேதி?"

"அவ எதுக்குங்க உங்க பிறந்த தேதியை வைக்கப்போறா. எனக்கே ஞாபகம் இல்ல" என்றாள் அத்தை.

புதுக் கடவுச்சொல் கேட்டாள் தீப்பெட்டி. அனுப்புகிறோம், பதிவு செய்த கைப்பேசிக்கு ஒரு ஓ.டி.பி. வரும் என்றது. பதிவு செய்த எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்த்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்லூரியில் சேர்ந்தபோது அவளிடம் கைப்பேசி கிடையாது. அது அம்மாவின் எண்.

அம்மா அதே பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தகத்தில் மருந்தாளர். வேலை நேரத்தில் கைப்பேசி பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். மருந்தகத் தொலைபேசியைக் கூப்பிட்டால் எப்போதும் யாராவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மாமா ஹெல்மெட்டை எடுத்தார். "நான் போறேன்."

"போங்க. கெடுத்தவரே போய் சரி பண்ணிட்டு வாங்க" என்று வண்டிச் சாவியை நீட்டினாள் அத்தை.

மருந்தக ஜன்னலுக்கு முன்னால் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. மாமா ஓரமாக நழுவப் பார்த்தார்.

"சார், டோக்கன்" என்றார் காவலாளி.

"எனக்கு மருந்து வேண்டாங்க. உள்ள இருக்கறது என் தங்கச்சி."

"இங்க வர்ற பாதிப் பேருக்கு அவங்க தங்கச்சிதான் சார். டோக்கன் எடுங்க."

எடுத்தார். ஒவ்வொரு ஆளும் நகர நகர அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவழியாக ஜன்னலுக்கு வந்தபோது, அம்மா நிமிராமலே கையை நீட்டினாள்.

"சீட்டு குடுங்க."

"சீட்டு இல்ல, நான்தான்."

அம்மா நிமிர்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. உன் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அதைச் சொல்லு, போதும்."

அம்மாவின் முகத்தில் கலவரம் போய் சந்தேகம் வந்தது. "யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாதுன்னு உங்க மருமகதான் எனக்குப் பாடம் எடுத்திருக்கா."

"நான் உன் கூடப் பிறந்தவன்."

"கூடப் பிறந்தவங்க கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

வரிசையில் பின்னால் நின்ற பெரியவர், "அண்ணன் தங்கச்சி வழக்கை அப்புறம் வச்சுக்கலாமே, எனக்கு பி.பி. மாத்திரை" என்றார். மாமா அவசரமாகத் தீப்பெட்டியைக் கைப்பேசியில் பிடித்து ஜன்னலுக்குள் நீட்டினார்.

"அம்மா, நான்தான் கேட்டேன். சொல்லும்மா."

"நீதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா, மணி என்ன ஆச்சு தெரியுமா? என் ஒரு வருஷ உழைப்பும்மா. உனக்கு எப்பவுமே என் மேல நம்பிக்கை கிடையாது, அன்னைக்கும் அப்படித்தான்…"

"அவதான்" என்று அம்மா எழுந்தாள்.

பெரியவரின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரை ஜன்னலுக்கு உட்கார வைத்துவிட்டு, அலமாரியைத் திறப்பதற்குள் முதல் எண் செத்துப்போயிருந்தது. தீப்பெட்டி மறுபடி கேட்டாள். மறுபடி வந்தது. மருந்துச் சீட்டு வாசிக்கும் அதே நிதானத்தில் அம்மா ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தடவை சொன்னாள். மாமா அதைக் கைப்பேசியில் மூன்றாவது தடவை சொன்னார்.

கடையில் தீப்பெட்டி நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மின்னஞ்சல் திறந்தது. கல்லூரி அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். 'சரிபார்க்கிறோம். சில நிமிடங்கள் முதல் இரண்டு நாட்கள் வரை ஆகலாம்' என்று பதில் வந்தது.

"ரெண்டு நாளா?" என்றாள் அத்தை.

"சில நிமிஷம்னும் போட்டிருக்கு அத்தை."

சும்மா உட்கார்ந்து திரையை முறைக்க அவளால் ஆகவில்லை. மாமாவின் மேசையிலிருந்து ஒரு தாளை உருவி, பென்சிலால் அந்த வெட்டுத் தோற்றத்தைப் போட ஆரம்பித்தாள். கூரை எவ்வளவு முன்னால் நீண்டால் மழைச்சாரல் பெஞ்சைத் தொடாது, உட்கார்ந்தவரின் கண் எந்த உயரம், சுவர் அதற்கு எவ்வளவு கீழே நிற்க வேண்டும். போன தடவை இதற்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். இப்போது கை முன்னாலேயே போனது. போன தடவை விட்ட ஒரு தப்பும் கண்ணில் பட்டது; கூரைத் தண்ணீர் இறங்குகிறவர்கள் தலையில் கொட்டியிருக்கும். தண்ணீரைப் பின்பக்கம் திருப்பினாள். பென்சிலை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தனியா சிரிக்காதே, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்ற அத்தை, உடனே குரல் மாறி, "ஏய், இங்க பாரு" என்றாள்.

பச்சைப் பெட்டி. 'வாழ்த்துகள். உங்கள் மாணவர் உரிமம் ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. கட்டணம் இல்லை.'

மென்பொருள் திறந்தது. தாளின் ஓரத்தில் அந்தச் சாம்பல் வரி. அதைப் பார்த்து ஒரு மாணவிக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. வெட்டுத் தோற்றம் மாமா ஃபைல்ல ரெடியா இருக்கு. நீ உன் மாணவர் பதிப்புல சும்மா ஒரு கோடு வரை. அதை எடுத்து மாமா ஃபைல்ல ஒட்டு. எல்லாத் தாள்லயும் முத்திரை தானா வந்துடும். சளி மாதிரி தொத்திக்கும் அது. ஒரு காலேஜ் பையன் குடுத்த கதவு ஒண்ணை எடுத்து ஒட்டி, நம்ம கடை பிளான் மொத்தமும் நாசமாச்சு ஒரு தடவை. பெஞ்சைத் திருப்பு, சுவரை இறக்கு, அனுப்பு. அஞ்சு நிமிஷம்."

தீப்பெட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். மாமாவின் திரையைப் பார்த்தாள். அங்கே வெட்டுத் தோற்றம் வரிவரியாக, அளவுகளோடு, அச்சடித்த மாதிரி இருந்தது. அவளுடையது தாளில் பென்சிலாக இருந்தது.

"யாருக்கும் தெரியாதா அத்தை?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் கை மாமாவின் மவுஸ் வரை போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது.

"வேண்டாம். முத்திரை மட்டும்தான் என்னுதா இருக்கும். படம் மாமாவுது."

"அஞ்சு மணிக்குள்ள முடியலைன்னா?"

"முடிச்சுடுவேன்" என்று தன் மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். "நீங்க பேசாம இருந்தா."

அத்தை பேசாமல் இருந்தாள். அவள் வாழ்க்கையில் அதுவும் ஒரு சாதனைதான்.

இதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் மாமா ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். வண்டியை எடுக்க வந்தவருக்கு, அந்த நிழற்குடை இதுதானே என்று தோன்றியது. இத்தனை நாளாக அதைக் கடந்து போயிருக்கிறார், உள்ளே நின்றதில்லை. போய் நின்றார்.

நிழற்குடைக்குள் யாருமே இல்லை. பெஞ்சு காலி. ஜனங்கள் அத்தனை பேரும் வெளியே, வெயிலில், சாலையோரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு பெண்மணி கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"உள்ள உக்காரலாமே, காலியாத்தானே இருக்கு" என்றார் மாமா.

"உக்காந்தா பஸ் வர்றது தெரியாதுங்க. அந்தச் சுவர் மறைக்குது. சத்தம் கேட்டு நான் எழுந்து வர்றதுக்குள்ள அவன் போயிடுவான்."

மாமா போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். நேராகப் போட்ட பெஞ்சு. எதிரே ஒரு பூட்டிய கடை தெரிந்தது. பேருந்து வருகிற பக்கம் திரும்பினால் கூரை வரை சுவர். அதில் ஒரு சோப்பு விளம்பரம். அவர் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பிப் பார்த்தார். கண் போகும் இடத்தில் சுவர் இல்லை என்று நினைத்துப் பார்த்தார். கைப்பேசியை எடுத்தார்.

"தீப்பெட்டி, அந்தச் சுவர் இருக்கு பாரு…"

"இறக்கிட்டேன் மாமா."

"பெஞ்சை…"

"திருப்பிட்டேன்."

"சரி. நான் சொல்ல வந்ததை எல்லாம் நீயே பண்ணிட்டே."

"நான் பண்ணதைத்தான் நீங்க அழிச்சீங்க."

"அதுவும் சரிதான்." மாமா தொண்டையைச் செருமினார். "இங்க ஒரு அம்மா முழங்கால்ல கட்டோட நிக்கறாங்க. பெஞ்சு நுனியில பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பி வச்சா…"

"சொல்லாதீங்க மாமா. நீங்க சொல்லி நான் போட்டா அது உங்க யோசனை ஆயிடும்."

"நல்ல யோசனைம்மா அது."

"தெரியும். அந்தக் கம்பி ஏற்கனவே என் படத்துல இருந்துச்சு. அதையும் மவுஸ் நழுவினதுன்னு நினைச்சு நீங்க அழிச்சிருக்கீங்க. போனை வைங்க, எனக்குக் கூரை பாக்கி."

மாமா போனை வைத்தார். முழங்கால் கட்டுக்காரியின் பேருந்து வந்தது. அதை நிறுத்த, ஹெல்மெட்டை ஆட்டிக்கொண்டு சாலையின் நடுவுக்கே போய்விட்டார். ஓட்டுநர் கண்ணாடி வழியாகத் திட்டியது நிழற்குடை வரை கேட்டது. பெண்மணி நிதானமாக ஏறினாள்.

கடையில் தீப்பெட்டி கடைசி அளவைப் போட்டு முடித்தாள். கோப்பை அனுப்ப அழுத்தினாள். நீலப் பட்டை நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

"நெட் என்ன ஆச்சு அத்தை?"

"கீழ ஸ்டூடியோக்காரன்" என்று அத்தை எழுந்தாள். இணைய இணைப்பு இரண்டு கடைக்கும் பொது. "ஏதோ பிறந்தநாள் போட்டோவை மொத்தமா ஏத்திக்கிட்டு இருப்பான்."

ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே விட்டாள். இத்தனை நேரம் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது.

"ஸ்டூடியோ சார், உங்க போட்டோவை நிறுத்துங்க. எங்க பொண்ணு பஸ் ஸ்டாண்டு போய்க்கிட்டு இருக்கு."

"எந்த பஸ் ஸ்டாண்டுக்குங்க?" என்றது கீழிருந்து ஒரு குரல்.

"நிறுத்துங்க, சொல்றேன்."

நிறுத்தினார். பட்டை துள்ளி ஓடியது. நின்றது. ஓடியது. தெருவில் போய்க்கொண்டிருந்த இருவர் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார்கள். மாமா மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரைக்கு முன்னால் நின்றார். மூன்று பேரும் ஒரே பட்டையை முறைத்தார்கள்.

'தங்கள் வரைபடம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

ஐந்து அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. தீப்பெட்டி நாற்காலியோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். அத்தை மாமாவின் ஹெல்மெட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். பாராட்டா, பழைய சினிமாவுக்கான பாக்கியா என்று மாமா கேட்கவில்லை.

அடுத்த மாதம் கூப்பிட்டார்கள். வந்த படங்களில் மூன்றை எடுத்து வைத்திருக்கிறோம், நேரில் வந்து விளக்க வேண்டும் என்றார்கள். நீளமான மேசை, அதற்குப் பின்னால் நான்கு பேர். நடுவில் உட்கார்ந்திருந்த தலைமைப் பொறியாளர் படத்தைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"எல்லாம் சரிம்மா. பெஞ்சு ஏன் கோணலா இருக்கு?"

தீப்பெட்டி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்புறம் வேறு மாதிரி தோன்றியது.

"சார், ஒரு நிமிஷம் உங்க நாற்காலியைச் சுவரைப் பாத்துத் திருப்பிப் போட்டுக்கறீங்களா?"

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறியாளர் என்ன நினைத்தாரோ, திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இப்ப அந்தக் கதவு வழியா யாரோ வரப்போறாங்க சார். அவங்க வர்றதுக்கு முன்னாடியே நீங்க தயாரா எழுந்து நிக்கணும்."

பொறியாளர் இடுப்பை முறுக்கிப் பார்த்தார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் எழுந்தே நின்றுவிட்டார்.

"அவ்வளவுதான் சார். இப்ப எல்லாரும் அங்க இப்படித்தான் நிக்கறாங்க. வெயில்ல."

பொறியாளர் நாற்காலியைத் தானே கதவுப் பக்கம் சாய்வாகப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பக்கத்திலிருந்த அம்மையார் சிரித்துவிட்டு, எதையோ குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் அதே அம்மையார்தான் வராந்தாவுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். தீப்பெட்டிக்கு முதல் வரி காதில் விழுந்ததோடு சரி. பெஞ்சு, கம்பி, சுவர், கூரை எல்லாம் அவள் போட்டபடியே கட்டப்போகிறார்கள். அம்மையார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"…அதனால ஒரே ஒரு சிக்கல்மா. உன் படத்துல மாணவர் முத்திரை இருக்கு."

"இருக்கணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"போட்டிக்கு இருக்கணும். கட்டறதுக்கு இருக்கக் கூடாது. மாணவர் லைசென்ஸ்ல வரைஞ்சதை நிஜக் கட்டடத்துக்குப் பயன்படுத்த முடியாது. முழு லைசென்ஸ் வச்சிருக்கற யாராவது இதை அப்படியே மறுபடி வரைஞ்சு குடுக்கணும். ஒரு கோடு மாறக் கூடாது. உனக்கு யாரையாவது தெரியுமா? இல்லைன்னா நாங்களே ஏற்பாடு பண்றோம்."

தீப்பெட்டிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியும் மேடம். ஆனா அவர்கிட்ட வேலை வாங்கறது கொஞ்சம் கஷ்டம்."

படியில் உட்கார்ந்து மாமாவைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் மூச்சு விடாமல் கேட்டார்.

"என்னாச்சு? ஜெயிச்சியா? சொல்லித் தொலை, இங்க உங்க அத்தையும் உங்க அம்மாவும் என்னை ஆளுக்கொரு பக்கம் பிடுங்கறாங்க."

"ஜெயிச்சாச்சு."

அந்தப் பக்கம் கைப்பேசி கீழே விழுந்த சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். அம்மா அழுவதும் அழுதுகொண்டே அண்ணனைத் திட்டுவதும் தூரத்தில் கேட்டது. ஒருவழியாக மாமா மறுபடி வந்தார்.

"சொல்லும்மா, சாம்பியன்."

"மாமா, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. முழு லைசென்ஸ் வேணுமாம், என் படத்தை மறுபடி வரையணும். நான் பக்கத்துல உக்காந்து சொல்லுவேன். நான் சொல்றதை மட்டும் வரையணும்."

தொழிலில் இத்தனை காலம் இருந்த மனிதர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றதை மட்டுமா?"

"மட்டும்."

"ஒரு சின்ன ஆலோசனைகூட…"

கைப்பேசி கை மாறியது. அத்தையின் குரல் வந்தது.

"வரைவார்மா. நாளைக்குக் காலையிலயே வந்துடு. பக்கத்துல நான் நிக்கறேன்."